பிக்கப்புக்குக் கூடுதல் ரிவர்ஸ் லைட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிக்கப் வண்டியின் பின்னால் கூடுதலாக இரண்டு எல்இடி விளக்கு மாட்டி, ரிவர்ஸ் கியர் விழுந்ததும் அவை தானாக எரியும்படி செய்வது பற்றிய பக்கம் இது. இந்த வேலையை என் வண்டியில் ஒருமுறை தப்பாகச் செய்து, பிரித்து, மறுபடி செய்திருக்கிறேன். அதனால் சில பதில்கள் கொஞ்சம் நீளமாகவே இருக்கும். கணக்குகள் எல்லாம் 12 வோல்ட் வண்டிக்கு.

கம்பெனி கொடுத்த ரிவர்ஸ் லைட் ஏன் போதவில்லை?

பெரும்பாலான வண்டிகளில் அந்த இடத்தில் இருப்பது 16 வாட் அல்லது 21 வாட் பல்ப். வெளிச்சத்தின் மொத்த அளவை லூமனில் சொல்வார்கள்; 16 வாட் பல்ப் கொடுப்பது சுமார் 310 லூமன், 21 வாட் சுமார் 460 லூமன். அந்த வெளிச்சத்துக்கு இரண்டு வேலை. நீங்கள் பின்னால் வருகிறீர்கள் என்று மற்றவருக்குச் சொல்ல வேண்டும், உங்களுக்கு வழியும் காட்ட வேண்டும். முதல் வேலையை நன்றாகச் செய்யும். இரண்டாவது வேலையில்தான் திணறும்.

பிக்கப்பில் இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரியும். தொட்டி நீளம், டெயில்கேட் உயரம், பின் கண்ணாடி சின்னது. அந்தக் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் வேறு ஒட்டியிருந்தால், இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தில் பெரும்பங்கு கண்ணாடியிலேயே நின்றுவிடும்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு நிமிடம் வண்டிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். இரண்டு பல்பும் எரிகிறதா? லென்ஸ் மஞ்சளாகியிருக்கிறதா, உள்ளே சேறு காய்ந்து கிடக்கிறதா? ஒரு பக்கம் பல்ப் போய் மாதக்கணக்காகியும் தெரியாமல் ஓட்டுபவர்கள் நிறைய. அந்தப் பட்டியலில் நானும் இருந்தேன்.

பல்பை மட்டும் எல்இடியாக மாற்றினால் போதாதா?

பலருக்குப் போதும். முதலில் அதைத்தான் செய்து பார்க்கச் சொல்வேன். ஒயரை வெட்ட வேண்டாம், ஓட்டை போட வேண்டாம், பத்து நிமிட வேலை.

மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். செருகும் வகை எல்இடி பல்புக்குப் பிளஸ் மைனஸ் உண்டு. எரியவில்லை என்றால் பல்ப் கெட்டது என்று தூக்கிப் போடாமல், பிடுங்கித் திருப்பிச் செருகுங்கள். அடுத்து, விளக்கின் உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டர் இழை பல்புக்காக வடிவமைத்தது. எல்இடி சில்லுகள் இழை இருந்த இடத்தில் இல்லாவிட்டால், கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும், தரையில் விழாது.

மூன்றாவது, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும் வண்டிகள் ‘பல்ப் போய்விட்டது’ என்று டேஷ்போர்டில் எச்சரிக்கை காட்டலாம். அதற்கு ஒரு ரெசிஸ்டர் போடச் சொல்வார்கள். 6 ஓம் ரெசிஸ்டர் 13.5 வோல்ட்டில் 2.25 ஆம்பியர் இழுக்கும். 30 வாட் வெப்பம். கை வைத்தால் சுட்டுவிடும், பிளாஸ்டிக்கில் ஒட்டினால் உருகும். கரண்ட்டை மிச்சம் பிடிக்க எல்இடி போட்டுவிட்டு, மிச்சம் பிடித்ததை ரெசிஸ்டரில் எரிப்பது எனக்கு உறுத்துகிற வேலை. எச்சரிக்கை காட்டாத வகை பல்ப் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

எவ்வளவு வெளிச்சம் தேவை?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ரிவர்ஸில் நடை வேகத்தில்தான் வருகிறோம். பின்னால் எட்டுப் பத்து மீட்டர் தெளிவாகத் தெரிந்தால் போதும். நல்ல எல்இடி விளக்கு ஒரு வாட்டுக்குத் தோராயமாக 100 லூமன் தரும். 18 வாட் விளக்கு இரண்டு என்றால் 3,600 லூமன். கம்பெனி 21 வாட் பல்ப் இரண்டும் சேர்ந்து 920தான். அதாவது ஏறக்குறைய நான்கு மடங்கு.

பெட்டியில் அச்சடித்த வாட்டை நம்ப வேண்டாம். நான் முதலில் வாங்கிய ஜோடியின் பெட்டியில் விளக்குக்கு 72 வாட் என்று இருந்தது. மல்டிமீட்டரை வைத்து அளந்தால் ஒன்று 1.6 ஆம்பியர் இழுத்தது. 12.8 வோல்ட்டால் பெருக்கினால் 20 வாட். ஆனால் அந்த 20 வாட்டே எனக்குத் தாராளமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

மிதமிஞ்சிப் போனால் பின்னால் வெள்ளைச் சுவர் இருக்கும்போது தெரியும். சுவரில் பட்ட வெளிச்சம் மூன்று கண்ணாடியிலும் திரும்பி வந்து கண்ணைக் கூசும். கண் பாவை சுருங்கிவிடும். அப்புறம் வெளிச்சம் படாத ஓரத்தில் நிற்கும் கம்பமோ ஆளோ சுத்தமாகத் தெரியாது.

நிறம் என்றால், நீலம் கலந்த 6500 கெல்வினைவிட 4000 முதல் 5000 வரை இருப்பதை எடுப்பேன். ஈர மண்ணுக்கும் காய்ந்த மண்ணுக்கும் வித்தியாசம் அதில் நன்றாகத் தெரிகிறது.

ஃப்ளட்டா, ஸ்பாட்டா?

ஃப்ளட், அதாவது ஒளியை அகலமாகப் பரப்பும் வகை. ஒளியைக் குறுக்கித் தூரம் அடிக்கும் ஸ்பாட் வாங்கினால் தொலைவில் நிற்கும் மரம் தெரியும், டயருக்குப் பக்கத்தில் இருக்கும் சாக்கடை தெரியாது.

எங்கே மாட்டுவது நல்லது?

இந்த வேலையில் முக்கியமான கேள்வி இதுதான். வாட், பிராண்ட் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

நான் முதலில் மாட்டியது கேபினுக்குப் பின்னால் இருக்கும் கம்பிச் சட்டத்தின் மேல். உயரத்தில் இருந்தால் தூரம் வரை அடிக்கும் என்ற எண்ணம். அன்று ராத்திரி ரிவர்ஸ் போட்டதும் தொட்டி முழுக்கப் பகல் மாதிரி இருந்தது. டெயில்கேட் தகதகவென்று மின்னியது. டெயில்கேட்டுக்குப் பின்னால் முதல் மூன்று மீட்டர் மட்டும் கும்மிருட்டு. யோசித்தால் கணக்கு எளிது. விளக்கு 1.9 மீட்டர் உயரத்தில், டெயில்கேட் விளிம்பு 1.3 மீட்டர் உயரத்தில், இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர். விளிம்பை உரசிக்கொண்டு போகும் ஒளி தரையைத் தொட இன்னும் மூன்று மீட்டருக்கு மேல் போக வேண்டும். இடிக்கக்கூடிய எல்லாமே அந்த மூன்று மீட்டருக்குள்தான் இருக்கும். சட்டத்தின் மேல் இருக்கும் விளக்கு தொட்டியில் சரக்கு ஏற்றி இறக்க அருமையானது, ரிவர்ஸுக்கு ஆகாது.

இப்போது பின் பம்பருக்குக் கீழே, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தாழ்வாக வரும் ஒளி தரையைத் தடவிக்கொண்டே போகும். நான்கு மீட்டர் தள்ளி ஒரு கோழிமுட்டை அளவு கல் கிடந்தால்கூட அதன் பின்னால் ஒரு முழ நீளத்துக்கு நிழல் விழும். அதே கல்லுக்கு மேலிருந்து அடித்தால் அரைச் சாண் நிழல்தான். பள்ளங்கள் கறுப்புத் திட்டாகத் தெரியும். மேடு பள்ளத்தைப் புரிந்துகொள்ள நிழல் வேண்டும். உயரத்திலிருந்து அடிக்கிற வெளிச்சம் அந்த நிழலைத் தின்றுவிடுகிறது.

இரண்டையும் நேராகப் பின்னோக்கி வைக்காமல், வெளிப்பக்கமாகப் பதினைந்து இருபது டிகிரி திருப்பி வையுங்கள். அப்போதுதான் பக்கக் கண்ணாடியில் பார்க்கும்போது பின் சக்கரத்தின் ஓரமும் அதற்கு அப்பாலும் தெரியும். நடுவில் இரண்டு ஒளியும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து இடைவெளி இல்லாமல் நிறைந்துவிடும்.

சாய்வைச் சரிசெய்யும்போது தொட்டி காலியாக இருக்க வேண்டும். லோடு ஏறினால் பின்பக்கம் அமுங்கி ஒளி தரையை நோக்கி இறங்கும், அதனால் யாருக்கும் தொந்தரவு இல்லை. லோடோடு சரிசெய்துவிட்டு இறக்கினால் பின்பக்கம் எழும்பி, ஒளி பின்னால் நிற்பவர் முகத்தில் அடிக்கும்.

மற்ற இடங்களைப் பற்றிச் சுருக்கமாக: நம்பர் பிளேட் போல்ட்டில் மாட்டும் பட்டை சுலபம், ஆனால் பிளேட்டை மறைக்கக் கூடாது, கேமராவும் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். பம்பரில் ஓட்டை வெட்டிப் பதிக்கும் வகை பார்க்க அழகு, இடித்தாலும் முதலில் போகாது. வெட்டியதை ஒட்ட முடியாது என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். இழுவைக் கொக்கியின் சட்டத்தில் கிளாம்ப் போட்டு மாட்டுவது என் விருப்பம். சேஸிஸ் சட்டத்தில் புதிதாகத் துளை போடாதீர்கள். பாரம் தாங்கும் இடம் அது, இருக்கிற துளையைப் பயன்படுத்துங்கள். சைலன்சர் வாய்க்கு எதிரே வேண்டாம். ஸ்டெப்னியை இறக்கும் வழியிலும் வேண்டாம். அது பஞ்சராகும் நாளில்தான் நினைவுக்கு வரும்.

ரிவர்ஸ் கேமரா பாதிக்கப்படுமா?

நல்லபடியாகவும் பாதிக்கும், கெட்டபடியாகவும் பாதிக்கும். வெளிச்சம் கூடினால் கேமராப் படத்தில் இருக்கும் புள்ளிப் புள்ளியான இரைச்சல் குறைந்து படம் தெளியும். ஆனால் விளக்கின் முகம் கேமராவின் பார்வைக்குள் வந்தால், அல்லது ஒளி லென்ஸில் நேராகப் பட்டால், படம் முழுக்க வெள்ளைப் பனி படர்ந்த மாதிரி ஆகிவிடும். கேமராவின் கோணம் மிக அகலம். பம்பரின் விளிம்பே படத்தில் தெரியும். ஆகவே போல்ட்டை முறுக்கும் முன் விளக்கைக் கையில் பிடித்து எரியவிட்டு, உள்ளே ஒருவரைத் திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கு கேமராவுக்குக் கீழேயும் கொஞ்சம் உள்வாங்கியும் இருந்தால் பிரச்சினை வராது.

கம்பெனி ரிவர்ஸ் ஒயரிலேயே புது விளக்கையும் சேர்த்துவிட்டால் என்ன?

எரியும். பல வண்டிகளில் பல நாள் எரியவும் செய்யும். ஆனாலும் வேண்டாம்.

இரண்டு 21 வாட் பல்பும் சேர்ந்து இழுப்பது 3.5 ஆம்பியர். 36 வாட் எல்இடி ஜோடி இன்னொரு 3 ஆம்பியர். கிட்டத்தட்ட இரட்டிப்பு. பழைய மேனுவல் கியர் வண்டிகள் பலவற்றில் இந்தக் கரண்ட் முழுவதும் கியர்பாக்ஸில் இருக்கும் சின்ன ரிவர்ஸ் ஸ்விட்ச் வழியாகத்தான் போகிறது. அதன் முனைகள் கருகினால் புது விளக்கோடு சேர்ந்து கம்பெனி விளக்கும் போய்விடும். புது வண்டிகளில் ஸ்விட்சுக்குப் பதில் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. அது கூடுதல் பளுவைப் பார்த்ததும் அந்த இணைப்பையே அணைத்துவிடலாம்.

பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி போட்டு, அந்த இடத்தில் மிச்சமான ஆம்பியருக்குள் ஒரு சின்ன விளக்கைச் சேர்ப்பது கணக்குப்படி சரிதான். அதற்கு மேல் என்றால் ரிலே, அதாவது சின்னக் கரண்ட்டை வைத்துப் பெரிய கரண்ட்டை இணைத்து அணைக்கும் மின் ஸ்விட்ச்.

ரிலேயை எப்படி இணைப்பது?

சாதாரண நான்கு கால் ரிலே. அடியில் எண் அச்சடித்திருக்கும். வேலை தொடங்கும் முன் பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள்.

30ஆம் காலுக்குப் பேட்டரி பிளஸிலிருந்து ஃபியூஸ் வழியாக ஒயர். 87இலிருந்து விளக்குகளின் பிளஸுக்கு. 86க்குக் கம்பெனி ரிவர்ஸ் லைட்டின் பிளஸ் ஒயரிலிருந்து ஒரு கிளை. 85 எர்த்துக்கு, அதாவது வண்டியின் இரும்பு உடம்புக்கு. அவ்வளவுதான். ரிவர்ஸ் கியர் விழுந்ததும் 86க்குக் கரண்ட் வந்து ரிலே ‘டிக்’ என்று இழுக்கும். விளக்குக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து நேராகப் போகும். கம்பெனி ஒயருக்குக் கூடுதலாக விழும் பளு ரிலே காயிலின் 150 முதல் 200 மில்லி ஆம்பியர் மட்டுமே. ஐந்து கால் ரிலே கிடைத்தால் நடுவில் இருக்கும் 87ஏ காலை எதிலும் சேர்க்காமல் விட்டுவிடுங்கள்.

உள்ளேயே டயோடு (கரண்ட்டை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) வைத்த ரிலே நல்லது. காயில் அணையும்போது கிளம்பும் மின் உதைப்பு வண்டியின் மின்னணுவுக்குப் போகாமல் தடுக்கும். ஆனால் அந்த வகையில் 86 பிளஸ், 85 எர்த் என்பதை மாற்றக் கூடாது. மாற்றினால் டயோடு வழியாக ஷார்ட் ஆகிவிடும். டயோடு இல்லாத ரிலேயில் இது பொருட்டல்ல.

ஃபியூஸும் ஒயரும் என்ன அளவு?

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 36 வாட் என்றால் 3 ஆம்பியர். 5 ஆம்பியர் ஃபியூஸ் சரியாக இருக்கும். ஃபியூஸ் இருப்பது ஒயரைக் காக்க, விளக்கைக் காக்க அல்ல. அதனால்தான் அது பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். விளக்குக்குப் பக்கத்தில் ஃபியூஸ் போட்டுவிட்டு, பேட்டரியிலிருந்து ஐந்தாறு மீட்டர் ஒயரைக் காப்பில்லாமல் இழுத்து வந்தால், நடுவில் எங்காவது உரசி உறை கிழிந்த அன்று தீப்பிடிக்கும்.

ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர். ஆறு மீட்டர் ஓடினாலும் 3 ஆம்பியருக்கு இறங்குவது 0.2 வோல்ட்தான். பழைய 55 வாட் ஹாலோஜன் இரண்டு மாட்டினால் 9 ஆம்பியர். அதே ஒயரில் 0.65 வோல்ட் இறங்கி விளக்கு மங்கும். ஹாலோஜனுக்கு 2.5 எடுங்கள். ஒயரை வளைகுழாய்க்குள் விட்டு, சேஸிஸ் ஓரமாக ஏற்கெனவே ஓடும் கம்பெனி ஒயரோடு சேர்த்துக் கட்டினால் உரசாது.

ரிவர்ஸ் ஒயரைக் கண்டுபிடிப்பது எப்படி?

பின் விளக்குக் கூட்டைக் கழற்றினால் ரிவர்ஸ் பல்ப் ஹோல்டருக்கு இரண்டு ஒயர் போகும். சாவியை ஆன் செய்து, இன்ஜின் ஓடாமல், கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, ரிவர்ஸ் போடுங்கள். மல்டிமீட்டரில் 12 வோல்ட் காட்டுவது பிளஸ். கியரை எடுத்தால் பூஜ்யத்துக்கு வர வேண்டும். இழை பல்ப் வைத்த பழைய டெஸ்ட் லேம்ப்பைப் புது வண்டிகளில் குத்த வேண்டாம், அது இழுக்கும் கரண்ட் அதிகம்.

டிரெய்லர் சாக்கெட் இருந்தால் வேலை இன்னும் சுலபம். வட அமெரிக்காவின் ஏழு முனை வட்ட சாக்கெட்டில் நடு முனை ரிவர்ஸுக்கானது. 13 முனை ஐஎஸ்ஓ சாக்கெட்டில் 8ஆம் முனை.

கிளை எடுக்க, ஒயரைக் கடித்துப் பிடிக்கும் நீலக் கிளிப் வேண்டாம். அது செம்பு இழைகளை அறுக்கும், தண்ணீர் உள்ளே போகும், ஓரிரு மழைக்காலத்தில் பச்சைப் பொடியாகிவிடும். உள்ளே பசை தடவிய சூடேற்றிச் சுருக்கும் குழாயோடு கிரிம்ப் செய்யுங்கள்.

ரிவர்ஸ் போட்டால் ரிலே கடகடவென்று அடிக்கிறது, விளக்கு துடிக்கிறது. ஏன்?

உங்கள் வண்டி பல்புக்கு நேர் கரண்ட்டைக் கொடுக்காமல், வேகமாக விட்டு விட்டுத் துடிப்புகளாகக் கொடுக்கிறது. பல்ப் இழைக்கு அது தெரியாது, ரிலேக்குத் தெரியும். அசையும் பாகம் இல்லாத மின்னணு ரிலே அல்லது துடிப்பைச் சமன்செய்யும் ஹார்னஸ் (ஒயர் தொகுப்பு) வாங்கிப் போடுங்கள். கியர் போடாதபோதே எல்இடி லேசாகச் சிமிட்டினாலும் காரணம் இதே குடும்பம்தான். பல்ப் இருக்கிறதா என்று பெட்டி அவ்வப்போது துடிப்பை அனுப்பிப் பார்க்கிறது.

எர்த் எங்கே கொடுப்பது?

சுத்தமான இரும்பில். பெயின்ட் மேல் போல்ட் போட்டு முறுக்கினால் ஒரு நாள் எரியும், ஒரு நாள் எரியாது. சுரண்டி, பளபளப்பான உலோகம் தெரிந்ததும் பல் வாஷர் போட்டு முறுக்கி, அதன் மேல் பெயின்ட் அடியுங்கள். ரிவர்ஸ் போட்டால் பிரேக் லைட்டோ இண்டிகேட்டரோ மங்கலாக எரிந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்: எர்த் சரியில்லை, கரண்ட் வேறு பல்ப் வழியாக வழி தேடிக்கொண்டிருக்கிறது.

கியர் போடாமலும் எரிய ஒரு ஸ்விட்ச் வேண்டும். முடியுமா?

முடியும். சரக்கு இறக்க, டிரெய்லர் கொக்கியை மாட்ட உதவும். இருபக்கமும் ஆன், நடுவில் ஆஃப் இருக்கும் மூன்று நிலை ஸ்விட்ச் வாங்குங்கள். நடு முனை ரிலேயின் 86க்கு. ஒரு பக்கம் ரிவர்ஸ் ஒயர், மறுபக்கம் ஃபியூஸ் வழியாக வரும் 12 வோல்ட். ஒரு பக்கம் தள்ளினால் தானாக, மறுபக்கம் தள்ளினால் எப்போதும், நடுவில் முழுக்க அணைவு.

சிலர் ஸ்விட்ச் ஒயரையும் ரிவர்ஸ் ஒயரையும் சேர்த்து முறுக்கி 86இல் கொடுத்துவிடுவார்கள். அப்போது ஸ்விட்சைப் போட்டால் கரண்ட் பின்பக்கமாக ஓடி கம்பெனி ரிவர்ஸ் லைட்டையும் எரிய வைக்கும். சில வண்டிகளில் நீங்கள் முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது கேமராத் திரையே திறந்துகொள்ளும்.

தண்ணீர், சேறு?

விளக்கின் தண்ணீர்த் தடுப்புத் தரம் ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். பிரஷர் வாட்டரில் கழுவுபவர்கள் ஐபி69கே பார்த்து வாங்குங்கள். சூடான விளக்கு குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி ஈரத்தை உறிஞ்சும். காற்று விடும் சவ்வு வைத்த விளக்கு அதைச் சமாளிக்கும். ரப்பர் சீல் வைத்த கப்ளரை வாய் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டி, அதற்கு முன் ஒயரை ஒரு வளைவு தொங்கவிடுங்கள். தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

சட்டப்படி சரியா?

நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு. பல நாடுகள் பின்பற்றும் ஐநா ஒழுங்குமுறை எண் 48 ரிவர்ஸ் லைட் வெள்ளையாக இருக்க வேண்டும், தரையிலிருந்து 250 முதல் 1,200 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், சாவி ஆனில் ரிவர்ஸ் கியர் விழுந்தால் மட்டுமே எரிய வேண்டும் என்கிறது. விளக்கின் ஒளிக்கு எண் 23 இருந்தது. கிடைமட்டத்திலும் அதற்கு மேலேயும் 300 கேண்டலாதான் (ஒரு திசையில் போகும் ஒளியின் அளவு) உச்சம், கீழ்நோக்கிப் போகப் போக நிறைய அனுமதித்தது. கீழே அடி, மேலே அடிக்காதே என்பதைத்தான் எண்ணில் எழுதியிருக்கிறார்கள். ஸ்விட்ச் போட்டு வெள்ளை விளக்கைப் பின்னால் எரியவிட்டபடி பொதுச் சாலையில் முன்னால் ஓட்டுவது ஏறக்குறைய எங்கும் குற்றம்தான். பின்னால் ஒட்டி வருபவரைப் ‘பாடம் கற்பிக்க’ அதைப் போடுபவர்கள் இருக்கிறார்கள். கண் கூசியவர் முதலில் இடிப்பது உங்கள் வண்டியை.

விளக்கு எரியும்போது ரேடியோ இரைகிறது.

மலிவான எல்இடியின் உள்ளே இருக்கும் சுற்று கிளப்பும் இரைச்சல். ஒயரில் ஃபெரைட் வளையம் மாட்டிப் பாருங்கள், குறையலாம். ரிவர்ஸ் எடுக்கும் அந்த அரை நிமிடத்துக்கு நான் கவலைப்படுவதில்லை.

எல்லாம் மாட்டியாயிற்று. சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

நன்றாக இருட்டிய பிறகு, காலித் தொட்டியோடு, சமதரையில் நிறுத்துங்கள். வண்டிக்குப் பின்னால் எட்டு மீட்டரில் ஒருவரை நிற்கச் சொல்லி ரிவர்ஸ் போடுங்கள். ஒளியின் மேல் விளிம்பு அவர் இடுப்புக்குக் கீழே நிற்க வேண்டும். அவர் கண்ணைச் சுருக்கினால் இன்னும் இறக்குங்கள். பிறகு டயர் ஓரமாக ஒரு செங்கல்லை வைத்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பக்கக் கண்ணாடியில் தேடுங்கள். உடனே கண்ணில் பட்டால் நட்டை முறுக்கிவிடலாம். ஒரு மாதம் ஓடிய பிறகு ஸ்பேனரை எடுத்து அதே நட்டை இன்னொரு முறை முறுக்குங்கள்; எனக்கு இடது பக்கம் கால் சுற்று தளர்ந்திருந்தது.